இரண்டு ஊருக்கும் ஓடிய கால்

போன கிழமை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து இருந்தாள். மடியில் விளையாட்டுப் பை. அவள் இருந்ததும் நோவெண்ணெய் மணம் குப்பென்று அடித்தது. முன்னால் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ வலது காலில், முழங்காலுக்குக் கீழே, ஓர் இடம் விண்ணென்று தெறித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் காலுக்கு மறதி வரவில்லை. "ஓடுறனீரோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா. ஆனா இந்த வருசத்தோட விடப்போறன்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நானும் ஓடினவள்தான். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அலுவலக மாடிக்கு ஏறவே கைபிடியைத் தேடுகிறவள் நான். ஏன் ஓடத் தொடங்கினேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எங்கள் வீடு சுருவில் என்ற ஊரில். விடிய எழும்பினால் வீட்டில் முற்றம் கூட்டச் சொல்வார்கள். அதற்குத் தப்பி வீதியில் இறங்கி ஓடுவேன். சோளகக் காற்று வீசுகிற காலத்தில் போகும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அந்தத் திரும்பி வருகிற ஓட்டம் இருக்கிறதே, அதற்காகவே போகிற ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வீதியில் மாடுகளைத் தவிர ஒருவரும் இருக்கமாட்டார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது, மாடுகளுக்கும் தெரியாது.

அதைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ரீச்சர் ஒருநாள் பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டுவிட்டார். பிறகு கோட்டம், வலயம், மாகாணம் என்று மூவாயிரம் மீற்றரில் ஏறிக்கொண்டே போனேன். மாகாணத்தில் முதலாவதாக வந்த அன்று ரீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "இந்த வருசம் அகில இலங்கைப் போட்டி இல்லையாம். அடுத்த வருசம் மாகாணத்தில திரும்ப வெண்டு கொழும்பில ஓடுறீர். அதுமட்டும் காலைப் பத்திரமா வச்சிரும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு கனவு இல்லை. படுத்தால் கொழும்பு மைதானம்தான் தெரியும். அதை நான் படத்தில்கூடக் கண்டதில்லை. சிவப்பு நிறம் என்று ரீச்சர் சொன்னதை வைத்து நானே கட்டிக்கொண்ட மைதானம் அது.

ஊர்வலம் வைத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், சந்தியில் என் படத்தோடு பதாகை கட்டினார்கள். படத்தில் என்னைப் பவுடர் பூசின மாதிரி வெள்ளையாக்கியிருந்தார்கள். அதோடு ஒரு சிக்கலும் வந்தது. அம்மாவின் ஊர் சுருவில், அப்பாவின் ஊர் சரவணை. இங்கே ஒரு கழகம், அங்கே ஒரு கழகம். இரண்டுக்கும் வெளிநாட்டில் ஆட்கள். "பிள்ளை தகப்பன்ர ஊர்தானே" என்று அவர்கள். "பிறந்து வளந்தது இஞ்ச எல்லோ" என்று இவர்கள். நான் யாருடைய பிள்ளை என்று அதற்கு முன் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை.

எங்கள் பக்கம் எந்த விழா என்றாலும் காலையில் ஒரு மரதன் ஓட்டம் வேண்டும். கழக ஆண்டு விழா, புத்தாண்டு, கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து ஒருவர் தகப்பனின் நினைவாகக் கிண்ணம் கொடுக்க வருகிற நாள், எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார்கள். தார் வீதியில், வெயிலில் ஓடினேன். போகிற வீட்டிலெல்லாம் முட்டைக்கோப்பி தந்தார்கள். குடிக்காவிட்டால் கோபிப்பார்கள். இரண்டு வீட்டு முட்டைக்கோப்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அன்பு விளங்கும்.

கால் நோகத் தொடங்கியது. முதலில் ஓடும்போது, பிறகு நடக்கும்போது, பிறகு படுத்திருக்கும்போதும். ரீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார், "மாகாணப் போட்டி முடியும்வரை இவளை ஒரு இடத்துக்கும் விடாதேங்கோ. எலும்பில பிழை வந்தால் பிறகு ஏலாது." அப்பா ஓம் என்று தலையாட்டினார். பாவம், அவர் எல்லாருக்கும் தலையாட்டுகிறவர். அன்று பின்னேரமே எங்கள் ஊர்க் கழகச் செயலாளர் வந்து கதிரையில் இருந்தார்.

"ஓட ஓடத்தானே ஓட்டம் வரும்" என்றார் அவர். "வெளிநாட்டில இருக்கிறவை போனில நேரடியாப் பாக்கக் காத்துக்கொண்டு இருக்கினம். வாற ஞாயிறு எங்கட விழாவில சும்மா ஒரு ஓட்டம் தானே."

என் கெட்ட காலத்துக்கு அதே நாளில்தான் சரவணையிலும் விழா. அங்கே கிண்ணம் கொடுப்பது கனடாவிலிருந்த என் பெரியப்பா. அப்பா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். காலையில் அங்கே ஓடுவது, பின்னேரம் இங்கே ஓடுவது. இரண்டு பக்கமும் மனம் நோகாது. வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல முடிவாகத்தான் பட்டது. என்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டிலும் வென்றேன். பின்னேர ஓட்டத்தின் கடைசியில் காலுக்குள் என்னவோ விட்டுப்போனது தெரிந்தது. சுற்றிவரப் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், நிற்க வெட்கமாயிருந்தது. மாகாணப் போட்டியில் நோவெண்ணெய் பூசி, துணி சுற்றிக்கொண்டு ஓடினேன். நாலாவதாக வந்தேன். கொழும்பு மைதானம் அத்தோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் வெடிப்பு என்றார்கள். அன்றிரவு பெரியப்பா போன் எடுத்தார். "நாலாவதோ? நாங்கள் இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டமே பிள்ளை" என்றார். கால் எப்படி என்று அவர் கேட்கவில்லை. ஊரில் "பிள்ளைக்குத் தலைக்கனம்" என்று கதைத்தார்கள். பதாகையைக் கழற்ற மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நான் நொண்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அது சந்தியில் சிரித்துக்கொண்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இனிப் போட்டி இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். ரீச்சர் மட்டும் வற்புறுத்தவில்லை. "எனக்கு விளங்குது" என்றார், அவ்வளவுதான். பிறகு அவருக்கும் வேறு இடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது.

எலும்பு பொருந்திப் பல மாதங்கள் கழித்து, ஒருநாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல் வீதியில் இறங்கினேன். மெதுவாகத்தான் ஓடினேன். கால் நோகவில்லை. மூச்சும் பழையபடி வந்து சேர்ந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. செயலாளர்தான்.

"ஆ, திரும்பத் தொடங்கிட்டீரோ! எந்தப் போட்டிக்கு?"

"ஒண்டுக்குமில்லை அண்ணை. சும்மா ஓடுறன்."

"சும்மா ஆரும் ஓடுவினமே!" என்று சிரித்தார். அதற்குள் போனை எடுத்துவிட்டார். "அங்காலை போய் நிண்டு ஒருக்கா ஓடிவாரும். உடன வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுறன், சந்தோசப்படுவினம்."

நான் ஓடவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்து வந்தேன். சப்பாத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதன் பிறகு இன்றுவரை ஒருநாளும் ஓடவில்லை. நான் விட நினைத்தது போட்டியை மட்டும்தான்.