மழைக்காசின் இன்னொரு ஆள்

தைவானில் கீலூங் என்ற துறைமுக ஊரில் வென் குவோஷுன் என்று ஒருவன் இருக்கிறான். தெரிந்தவர்களுக்கு அவன் அ-ஷுன். கடைகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுப்பது வேலை, ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே ஒற்றை அறையில் வாசம், வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் பாதிப்பேர் அவனைக் கிறுக்கன் என்பார்கள். மீதிப்பேருக்கு அவனைத் தெரியாது.

கிறுக்கன் என்பதற்குக் காரணம் அவன் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர். அது அணைந்து யாரும் பார்த்ததில்லை. 'மழைக்காசு' என்று ஒரு டிஜிட்டல் காசு இருந்தது. வருஷம் பூராவும் மழை பெய்கிற ஊர்க்காரர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கோயில் வாசல் கடைத்தெருவில் மீன் உருண்டை சூப் குடித்துக்கொண்டே ஏழெட்டு சிநேகிதர்கள் சேர்ந்து ஆரம்பித்தது அது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. சூப்புக் கடைக்காரர்கூட சூப்புக்கு விலையாக அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இந்த மாதிரிக் காசுக்குக் கஜானா கிடையாது, அதிகாரி கிடையாது. முதல் நாளிலிருந்து இன்றுவரை யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்ற முழு விவரத்தையும் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, புதிதாக வருவதைச் சரிபார்த்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். அப்படி ஓடும் மென்பொருளுக்கு முழு நோடு என்று பெயர். ஒரு நோடு தனியாக இருந்தால் பிரயோஜனமில்லை. எதிரே பேச இன்னொன்று இல்லை என்று தெரிந்தால் அந்த மென்பொருளே புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

ஆறு வருஷமாக மழைக்காசில் இரண்டே பேர். ஒருவன் அ-ஷுன். இன்னொரு ஆள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு அவனேதான் காரணம். யாருக்கும் யாருடைய இருப்பிடமும் தெரியக் கூடாது, அதுதான் சுதந்திரம் என்று ஆரம்பத்திலேயே சண்டை போட்டு, எல்லாருடைய முகவரிக்கும் முகமூடி மாட்டவைத்தவன் அவன். அதனால் திரையில் 'இணைப்பு: 1' என்று தெரியுமே தவிர, பக்கத்தில் வாயில் நுழையாத எழுத்துக் குவியல் ஒன்றுதான் இருக்கும். அது அண்டை வீடா அயர்லாந்தா, யாருக்குத் தெரியும்.

ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? அந்த ஆள் பழைய பதிப்பு மென்பொருளையே ஓட்டிக்கொண்டிருந்தான். 'புதுசைக் கண்டு மயங்காதவன்' என்று அ-ஷுன் மெச்சிக்கொண்டான். ஒரு புயலில் கீலூங்கில் பாதி ஊருக்குக் கரண்ட் போனபோது அந்த ஆளும் மறைந்தான். கரண்ட் வந்த கையோடு அவனும் வந்தான். அடேயப்பா, நம்ம ஊர்க்காரன். அன்றிலிருந்து அ-ஷுன் பஸ்ஸிலும் சூப்புக் கடையிலும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு அலைந்தான். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரை ஒரு மாசம் சந்தேகப்பட்டான். அவர் இவனைப் பிக்பாக்கெட் என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தார்.

சிரிக்கலாம். ஆனால் அந்த '1' இல்லாவிட்டால் அவனிடம் வேறு எதுவும் இல்லை. கப்பல் கம்பெனியில் பார்த்த நல்ல வேலை இதனால் போயிற்று. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் மழைக்காசை ஓட்டிக் கையும் களவுமாகப் பிடிபட்டான். பெய்லான் என்று ஒரு மனைவி இருந்தாள், அவளும் பிரிந்துபோனாள். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, உலகத்தில் இன்னொரு மனுஷனும் இதை நம்புகிறான் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவன் உயிரோடிருந்தான். நான் பைத்தியமில்லை என்பதற்கு அந்த ஆள்தான் சாட்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறான், 'இணைப்பு: 0'.

முதலில் பதறவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தான். மின்சார வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். ஊரில் எங்கேயும் போகவில்லை என்றார்கள். கம்ப்யூட்டரின் மேல் வைத்திருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துத் தேதி பார்த்தான். இயந்திரங்கள் சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும் என்று இங்கே எல்லா ஆபீசிலும் வைப்பார்களே, அந்தத் தேங்காய் வாசனை நொறுக்குத் தீனி. தேதி முடிந்துவிட்டால் பலிக்காது. முடியவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கேமரா மாட்டப் போன நகைக்கடையில் நாலு கேமராவையும் தெருப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த ஆள் செத்துப்போயிருப்பானோ என்று நினைத்து, முகம் தெரியாத ஒருவனுக்காகப் பட்டப்பகலில் உட்கார்ந்து அழுதான்.

வெள்ளிக்கிழமை மின்டேவுக்குப் போன் போட்டான். மழைக்காசுக்குப் பெயர் வைத்தவரே இந்த மின்டேதான். இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"அண்ணே, நான்தான் அ-ஷுன்."

"தெரியுது, பேருதான் வருதே. என்னடா, யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

"மழைக்காசு நின்னுபோச்சுண்ணே. அந்த இன்னொரு ஆளக் காணோம்."

"அது இன்னுமா ஓடிக்கிட்டிருந்துச்சு?" என்றார்.

"ஒரு பழைய லேப்டாப் போதும்ணே. வீட்டு மூலையில கிடக்கட்டும். நானே வந்து போட்டுத் தர்றேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல."

"எங்க வீட்டுல மூலையெல்லாம் உங்க அண்ணியோடது. எனக்கு நடு ஹால்ல ஒரு நாற்காலி குடுத்திருக்கா, அவ்வளவுதான்."

"நீங்கதானண்ணே ஆரம்பிச்சீங்க."

"ஆரம்பிச்சேன். கிடார் கத்துக்கக்கூடத்தான் ஆரம்பிச்சேன். சரி, இவ்வளவு தவிக்கிறியே, நீயே இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கி ரெண்டா ஓட்டிக்கோயேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே. ஒரே ஆளு ரெண்டு ஓட்டினா அது கண்ணாடி முன்னால நின்னு பேசிக்கிற மாதிரி. அதுக்குப் பேரு நெட்வொர்க்கா?"

"அ-ஷுன், நல்லாச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. ஆமா, பாலிசி ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கியா?"

மற்ற சிநேகிதர்கள் இந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை. ஒருவர் எடுக்கவே இல்லை. ஒருவர் எடுத்து, "தப்பான நம்பர்" என்றார், குரல் அவருடையதுதான். அ-ஷுன் வெட்கத்தை விட்டு சூப்புக் கடைக்காரரிடமே போய்க் கேட்டான். "தம்பி, என் பிரிட்ஜே ஒழுங்கா ஓடல" என்று அவர் கிண்ணத்தில் இரண்டு மீன் உருண்டை கூடுதலாகப் போட்டார். அந்தப் பரிதாபம் அவனை ஒரேயடியாகக் குத்திவிட்டது. சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

சனிக்கிழமை காலையில் பெய்லான் கூப்பிட்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் கூப்பிட்டதே இல்லை.

"வீட்டக் காலி பண்றேன். தைச்சுங்ல அக்கா பக்கத்துல போயிடலாம்னு இருக்கேன். உன் கறுப்புப் பெட்டி இங்கயே கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போறியா, இல்ல பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடவா?"

அவனுக்குக் கறுப்புப் பெட்டி மறந்தே போயிருந்தது. பிரிந்த நாளில் துணிகளை மட்டும் அள்ளிக்கொண்டு கிளம்பினான். வேறு கம்ப்யூட்டர் வாங்கி மழைக்காசை அதில் முதலிலிருந்து இறக்கிக்கொண்டான். பழைய பெட்டியை மறுநாளே அவள் குப்பை வண்டியில் ஏற்றியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தான். அது இருக்கிறது என்றதும் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. எல்லாம் போட்டுத் தயாராக இருக்கும் பெட்டி. மின்டே அண்ணன் காலில் விழுந்தாவது அவர் வீட்டில் செருகிவிடலாம். மழையில் குடைகூட எடுக்காமல் பஸ் ஏறினான்.

வீட்டில் பாதி சாமான் அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. பெய்லான் கையில் டேப்போடு நின்றாள். தலை நரைத்திருந்தது. "துடைச்சுக்கோ" என்று ஒரு துண்டை எடுத்துக்கொடுத்தாள்.

கறுப்புப் பெட்டி வாசலோரம் செருப்பு அலமாரியின் மேல், அவன் விட்டுப்போன அதே இடத்தில் இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேலே ஒரு பச்சைப் பொட்டலம். எடுத்துப் பார்த்தான், தேதி அடுத்த வருஷம்.

"இத யாரு வச்சா?"

"நான்தான். பழசு தேதி முடிஞ்சா மாத்தணும்னு நீதான சொல்லுவ."

அ-ஷுன் பொட்டலத்தைத் திரும்ப வைத்தான். "பெய்லான், இது ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமா. செவ்வாய்க்கிழமை சாமான் கட்டற ஆளுங்க வந்தாங்க. அப்பத்தான் பிடுங்கினேன்."

அவன் ஒயரைச் சுவரில் செருகினான். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. அவன் அறைக் கம்ப்யூட்டரின் நிலவரம் அவன் போனிலேயே தெரியும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பெய்லான் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்து, அடுத்த பெட்டியை ஒட்ட ஆரம்பித்தாள். போனில் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது. பக்கத்தில் அதே எழுத்துக் குவியல். ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடமான எழுத்துகள்.

பழைய பதிப்பை விடாத கொள்கைக்காரன் இதுதான். புயலில் போய்ப் புயல் முடிந்ததும் வந்த ஊர்க்காரனும் இதுதான். ஆறு வருஷமாக அவன் தன்னிடமே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சு? தண்ணி வேணுமா?"

"ஏன் பிடுங்காம வச்சிருந்த?"

"நீ பிடுங்காதன்னு சொல்லிட்டுப் போனியே."

"போயி ஆறு வருஷமாச்சே. நாம பிரிஞ்சே போயிட்டோமே. ஏன் வச்சிருந்த?"

ஏதோ ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டான். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது என்பாள். இல்லாவிட்டால், நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன் என்பாள். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான்.

பெய்லான் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பயம்" என்றாள்.

"என்ன பயம்?"

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ தரை துடைக்கறப்ப தெரியாம பிடுங்கிட்டேன். ஒரு வாரம் நீ என்னோட பேசல. நான் சமைச்சத சாப்பிடல. ஒரே மேசையில உக்காந்து, நான் அங்க இல்லவே இல்லங்கற மாதிரி இருந்த. அதுக்கப்புறம் அது பக்கத்துல போனாலே எனக்குக் கை நடுங்கும். நீ போனப்புறமும் அந்தப் பயம் போகல. இந்த வீட்ட விட்டே போறோம்னு ஆனப்புறம்தான் பிடுங்கத் தைரியம் வந்துச்சு."

"எனக்கு அது ஞாபகமே இல்ல."

"உனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கணும்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன பேசியிருக்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் பார்வை போனில் இருந்த அந்த ஒன்றின் மேல் போயிற்று. அது மறுபடி பூஜ்யமாகிவிடும் என்ற திகில் ஒன்றுதான் அவன் மண்டைக்குள் இருந்தது.

"தைச்சுங் வீட்டுல," என்று ஆரம்பித்தான். "ஒரு மூலையில இத வச்சுக்க முடியுமா? கரண்ட் அதிகமா எடுக்காது."

பெய்லான் அவனை நிதானமாகப் பார்த்தாள். "கேக்கறதுக்கு உனக்கு வேற ஒண்ணுமே இல்லயா, அ-ஷுன்?"

அவன் மறுபடி போனைப் பார்த்தான். அவள் குனிந்து, தன் கையாலேயே ஒயரைப் பிடுங்கினாள். கை நடுங்கவில்லை. ஒயரைச் சுருட்டிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு அவன் மடியில் வைத்தாள். "துண்ட நீயே வச்சுக்கோ" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். எந்த முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அறைக்கு வந்ததும் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நோடை நிறுத்தும் கட்டளையைத் தட்டினான். அத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் தட்டாத கட்டளை அது. 'பத்திரமாக மூடப்படுகிறது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்' என்று திரையில் வந்தது. சற்று நேரத்தில் அந்த எழுத்தும் போயிற்று. மின்விசிறிச் சத்தம் நின்றதும் கீழே ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அங்கே அவள் முன் சொல்லியிருக்க வேண்டியது இப்போதுதான் அவனுக்கு வாய்க்கு வந்தது. ஒரே வரிதான். மறந்துபோவதற்குள் போனை எடுத்துப் பெய்லானைக் கூப்பிட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்றது. இன்னொரு தடவை அடித்தான். அவள் எடுக்கவில்லை.