கந்தப்பளை: சிறுத்தை பார்க்கும் கேமராவும் ஒரு குளவிக்கூடும்

போன பெப்ரவரியில் என் தோழி நிரோஷா கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கேமரா பேட்டரி மாற்றப் போனாள். மலையைப் பார்க்கலாமே என்று நானும் தொற்றிக்கொண்டேன். நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ, எண்ணூறு ரூபாய்.

கேமரா அவளே செய்தது, உள்ளங்கை அளவுதான். ஏதாவது அசைந்தால் விழித்துச் சின்னதாக ஒரு படம் எடுக்கும். சிறுத்தையா இல்லையா என்று தனக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். சிறுத்தை என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எச்சரிக்கை போகும். மற்றதை அழித்துவிட்டுத் தூங்கிவிடும். அதனால்தான் ஒரு பேட்டரி மூன்று மாதம் தாங்குகிறது. அந்தப் பனிமூட்டத்தில் சோலாரை நம்ப முடியாது.

கேமரா கட்டிய மரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். பெயர் சிவலிங்கம். இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி குளவி கொட்டி இறந்துபோயிருக்கிறார்.

"இதுல அவ இருப்பாளாங்க?" என்று கேட்டார்.

நிரோஷா அவர் பக்கம் திரும்பினாள். "இல்லண்ணே. சிறுத்தை இல்லன்னு தெரிஞ்சதும் அழிச்சிருக்கும். எல்லாத்தையும் வச்சுக்கிட்டா பேட்டரி நாலு நாள்ல போயிரும்."

"ஓடியிருப்பாளேங்க. அதையும் பாத்திருக்குமா?"

"பாத்திருக்கும்ணே."

அவர் தலையை ஆட்டினார்.

"குளவி ரொம்பச் சின்னது, இதுக்குத் தெரியாது. கூடு அசையாதுல்ல, ஒரு நாளைக்கு ஒருக்காப் பாத்தாப் போதும், பேட்டரியும் தாங்கும். கூடு இருந்தா சொல்ற மாதிரி செஞ்சு தரவாண்ணே?" என்றாள் நிரோஷா.

அவர் பக்கத்துச் சவுக்கு மரத்தைக் காட்டினார். உச்சிக் கிளையில் கருப்பாகத் தொங்கியது கூடு. "இருக்கிறது எல்லாருக்கும் தெரியுங்க. வேலைய மேற்பார்க்குற கண்டாக்கையாகிட்ட ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம்."

அவள் பேட்டரியை மாற்றினாள். மூடியை முடுக்கும்போது ஒரு திருகாணி கீழே விழுந்துவிட்டது. அவர்தான் தேடிக் கொடுத்தார்.

இப்படிக் கருவி வைக்கப் போகிறவர்கள் குளிர் தாங்கும் பேட்டரி எடுத்துப் போங்கள். குளவியைக் கிளப்பிவிடும் வாசனைத் தைலம் வேண்டாம். மாலை ஐந்துக்குள் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். எதைப் பார்க்கக் கருவி வேண்டும் என்று முதலில் லயத்தில் கேளுங்கள்; நாங்கள் கேட்கவில்லை.

இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். வேலைக்குப் போகாமல் இரண்டு வாரமாக அவர் அங்கேதான் நிற்கிறாராம். கூடையோடு ஒரு பெண் அந்தச் சவுக்கு மரத்தடித் தேயிலை வரிசையை நெருங்கினாள்.

"அந்த நிரை வேணாம்மா, இந்தப் பக்கமா வா," என்றார்.