மஞ்சள் கலந்தது யார்?

ஒருத்தியின் பெயரைத் திருடினால் எந்தச் சட்டத்தில் பிடித்துப் போடுவது? ஐந்து வருடமாக அம்புஜவல்லியின் வயிற்றெரிச்சல் இதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய், பருத்தி வேரில் பூஞ்சை எப்படி நுழைகிறது என்று ஆராய்ந்தவள் அவள். வேரைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயத்தில் முக்கி, ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீல ஒளி பட்டு நோய் கண்ட இடம் ஒளிரும். சீவுவது அவள், கண் எரியப் பார்ப்பதும் அவள். கட்டுரையில் பெயர் மட்டும் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் வைகுண்டராஜுடையது. மூன்று கட்டுரை வந்தும் ஒன்றில்கூட அவள் இல்லை.

1991 சரஸ்வதி பூஜையில் மனிதருக்குப் பக்தி முற்றிவிட்டது. மைக்ராஸ்கோப்புக்கு வைத்தது போதாதென்று சாய பாட்டில்களுக்கும் மூடியைத் திறந்து, வாய் விளிம்பில் தன் கையாலேயே மஞ்சள் குங்குமம் வைத்தார். பூஜைக்குப் பிறகு அவள் போட்ட ஸ்லைடுகள் பச்சையாக ஜொலித்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நோயைக் காட்டும் புது ஒளி என்று ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. நோயில்லாத வேரை வைத்தாள், பச்சை. வெங்காயத் தோலை வைத்தாள், அதுவும் பச்சை. புதுச் சாயத்தில் அந்த நிறம் வரவில்லை. சிட்டிகை மஞ்சள்தூள் போட்டதும் வந்துவிட்டது.

"சார், அது மஞ்சள் சார். கட்டுரையை நிறுத்திருங்க."

"அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டேன். செத்த சும்மா இரும்மா."

அச்சாகிவிட்டது. ஆறு மாதத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் செய்துபார்த்து, தனக்கு வரவில்லையே என்று பத்திரிகைக்கு எழுதினார். வைகுண்டராஜ் பதில் போட்டார்: சாயத்தில் மஞ்சள் கலந்தது ஆய்வு மாணவி அம்புஜவல்லியின் கவனக்குறைவு. தன் பெயரை அவள் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பத்திரிகையை அவர் மேஜைமேல் விட்டெறிந்தாள். "மஞ்சள் வச்சது நீங்க, தப்புன்னு சொன்னது நான். பழி மட்டும் எனக்கா?"

"கோவப்படாதம்மா. நான் ரிட்டயர் ஆகப்போறவன். நீ சின்னப் பிள்ளை, ஒனக்குத் தாங்கும்."

தாங்கத்தான் செய்தது. மதுரையில் வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்கி 1997இல் டாக்டர் பட்டம் வாங்கினாள். அதே வருடம் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். குழுவில் ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிச் சிரித்தார்.

"அந்த மஞ்சள் அம்புஜவல்லி நீங்கதானா?"

"ஆமா. கலந்தவர் பேரையும் சொல்றேன், எழுதிக்கிடுங்க," என்றாள்.

ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை.