வெண்பாவுக்குள் வராத சொல்

"சோத்தைப் பிறகு போடலாம், முதல்ல மலரைத் தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் புலவர் ஞானசேகரம் பந்தியில் உட்காருவார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நினைவுமலர் கொடுப்பது ஊர் வழக்கம். இறந்தவரின் படம், வரலாறு, தேவாரம், அவரை நினைந்து பாடிய பாடல்கள் எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் அதைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிவிட்டுப் பருப்பையும் பாயாசத்தையும் கவனிப்பார்கள். இவர் இடது கையில் மலரை விரித்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஓட்டி அசை எண்ணுவார். தளை தட்டும் இடம் வந்தால் முகம் மலர்ந்துவிடும். "உதிலை ஒரு ஓட்டை" என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். வேறொருவர் எழுதிய மலரில் ஓட்டை எதுவும் அகப்படாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கறிக்கு உப்புக் காணாது என்பார்.

மலர் பாடுவதுதான் அவருக்குத் தொழில். கலியாண வாழ்த்தும் எழுதுவார், பாடசாலைக் கீதமும் எழுதியிருக்கிறார், ஆனாலும் திருகோணமலை நகரத்தில் அவருடைய பெயர் நிற்பது இறந்தவர்களின் தயவில்தான். முதற்பக்கத்தில் இறந்த மாதத்தையும் திதியையும் அடக்கி ஒரு வெண்பா. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவு முறைப்படி ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. புலம்பலைக்கூட வெண்பாவில் எழுதுகிற ஆள் இந்த மாவட்டத்தில் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. செத்த வீட்டாரிடம் அவர் அதிகம் விசாரிப்பதில்லை. திதியையும் பிள்ளைகளின் பெயரையும் மூப்புப்படி சொன்னால் போதும். "மிச்சம் எனக்குத் தெரியும்" என்று எழும்பிவிடுவார்.

எழுதும்போது தலையில் ஈரத் துவாய் போட்டிருப்பார். உட்துறைமுக வீதி வீட்டின் முன்னறையில் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். கடலைப் பார்த்தால் உவமை தானாக வந்து விழுமாம், பிறகு எல்லாப் பாட்டிலும் கடலாகவே இருக்குமாம். ஒருமுறை எழுதி முடித்த தாளை வாசற்படியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். தெருவில் திரிகிற மானொன்று வந்து மருமக்கள் புலம்பலை முழுவதுமாகத் தின்றுவிட்டது. "அதுக்காவது ருசி தெரிஞ்சிருக்கு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். தம்மைத் தாமே பகிடி பண்ணுவதென்றால் அவருக்கு ஒரு குறையுமில்லை. வேறு யாராவது பண்ணினால்தான் வில்லங்கம்.

பாட்டு நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால், "ஓம், அது தன்பாட்டிலை வந்து விழுந்தது" என்பார். சரியில்லை என்று சொன்னால் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "நீங்கள் யாப்புப் படிச்சனீங்களோ?" யாப்புப் படித்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? எதிராளி அத்தோடு வாயை மூடிக்கொள்வார். பல் வைத்தியர் ஒருவர் மட்டும் மூடவில்லை. உங்கட பாட்டிலை செத்த ஆக்கள் எல்லாருக்கும் ஒரே முகம் என்று ஒரு கலியாண வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். புலவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்கட வீட்டிலையும் ஒருநாள் மலர் அடிக்கத்தானே வேணும்" என்றார். அன்றிலிருந்து புலவர் கடைவாயில் என்ன வலி வந்தாலும் கிராம்பைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறார்.

இப்படி ராசாவாக இருந்த மனிதரின் நித்திரையைக் கெடுக்க வந்து சேர்ந்தவர் இராசமலர். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பெண்மணி. அவருக்கு வெண்பாவும் தெரியாது, விருத்தமும் தெரியாது. செத்த வீட்டுக்குப் போனால் நேரே குசினிக்குள் போய்ப் பலகைக்கட்டையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பெண்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து, கேட்டதையும் தான் நினைத்ததையும் சேர்த்து வட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். பாட்டு என்று சொல்ல முடியாது, கதை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தை வாசிக்கிற சனம் சோற்றுக் கையோடு அழுகிறது.

"வெங்காயம் உரிச்சாக் கண்ணீர் வரும்தானே" என்று புலவர் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, தங்கள் வீட்டுக்குத் துக்கம் வந்தபோது இராசமலரைக் கூப்பிட்டார்கள். அவருடைய பக்கங்களில் ஓட்டை பிடிக்கவும் வழியில்லை, யாப்பே இல்லாததில் ஓட்டையை எங்கே தேடுவது? அதுதான் புலவருக்கு மெத்தப் பெரிய எரிச்சல். அதற்குப் பொறாமை என்று பெயர், வேறு பெயர் இல்லை. இராசமலர் எதிரே வந்தால் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போனார், மழையோ வெயிலோ இல்லாத பின்னேரத்திலும்.

இந்த ஆவணியில் ஆனந்தராசா இறந்துபோனார். கட்டைபறிச்சானில் பிறந்து, துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்த மனிதர். புலவருக்கு உயிர்ச் சிநேகிதன். கிழமையில் பாதி நாள் புலவருக்கு இராச்சாப்பாடு அந்த வீட்டில்தான். அந்த மலரை வேறு யாரும் எழுதுவதென்ற கதைக்கே இடமிருக்கவில்லை. தலையில் துவாய் போட்ட கையோடு எழுதி முடித்தார். எழுதியதில் தனக்கே பெருமை தாங்காமல், தாமே கொண்டுபோய் ஆனந்தராசாவின் மனைவி சிவயோகத்துக்கு முன்னால் இராகத்தோடு வாசித்துக் காட்டினார்.

மனைவி புலம்பலில், அத்தான், அத்தான் என்று அடிக்கொரு தரம் அழைத்திருந்தார். சிவயோகம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, இது நான் அழுற மாதிரி இல்லை. நான் அவரை ஒருநாளும் அத்தான் எண்டு கூப்பிட்டதில்லை. உங்களுக்குத் தெரியுந்தானே."

புலவருக்குத் தெரியும். அந்த வீட்டுக் குசினியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்று ஆனந்தராசாவைக் கூப்பிடும் குரல் வருவதை அவர் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டேதான் இடியப்பத்துக்குச் சொதி விட்டிருக்கிறார். யாப்புப் படித்தீர்களா என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. தாலி கழற்றிய கழுத்தோடு எதிரே இருந்தவரிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இறக்கிய குரலில் விளக்கம் சொன்னார்.

"இஞ்சாருங்கோ வெண்பாவுக்குள்ள வராது, தங்கச்சி. இஞ், சா, ருங், கோ. நாலு அசை. ஒரு சீரிலை மூண்டுக்கு மேலை வெண்பா தாங்காது."

"அப்ப வெண்பா வேண்டாம்" என்றார் சிவயோகம்.

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பது போலத்தான் சொன்னார். மற்றப் பாட்டெல்லாம் அண்ணை எழுதியபடியே இருக்கட்டும், தன்னுடைய ஒரு பக்கத்தை மட்டும் இராசமலர் அக்கா எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த புலவர் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். இஞ்சா என்று ஒரு சீரிலும் ருங்கோ என்று அடுத்த சீரிலும் உடைத்து வைத்துப் பார்த்தார், தளை தட்டியது. இஞ்சாரும் என்று குறுக்கினார். தளை சரியாக வந்தது, மரியாதை போய்விட்டது. புருசனை அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை சிவயோகம். முழு மலரையும் திருப்பி வாங்கிக்கொண்டு, நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் யோசித்தார். அப்படிச் செய்தால் முழு மலருமே இராசமலருடையதாகிவிடும். அந்த நினைப்பு வந்ததும் கோபத்தை அடக்கிக்கொண்டார்.

அச்சடிக்கமுன் ஒப்புத்தாளைப் பார்த்துப் பிழை திருத்துவது எப்போதும் புலவரின் பொறுப்பு. அச்சகம் நடத்துகிற தாஹிருக்கு வேறு யார் கண்ணிலும் நம்பிக்கை இல்லை. எந்தத் தொழிலுக்கும் ஒரு வம்பு இருக்குமே, அப்படித்தான் தாஹிர் இராசமலரின் பக்கத்தையும் திருத்தச் சொல்லிப் புலவர் கையிலேயே கொடுத்தார். தான் குரலைக் கேட்டுக் கேட்டு அடித்தது, பிழை இருக்கலாம், புலவர் ஐயா ஒருக்காப் பார்த்தால் நல்லது என்று சொல்லிவிட்டு மத்தியான ளுஹர் தொழுகைக்குப் போய்விட்டார்.

புலவர் தாளை மேசையில் விரித்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, வேட்டைக்குப் போகிறவர் மாதிரி குனிந்தார். வரி வரியாக எழுத்துக்களை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினார். கடைசி வரியில் அகப்பட்டது. "உங்களை என்னோடை வைச்சுக்கொல்ல எனக்கு ஏலாமல் போச்சு."

கொள்ள என்று இருக்கவேண்டிய இடத்தில் கொல்ல. காதால் கேட்டு அடித்தால் வருகிற பிழைதான். ஒரேயொரு எழுத்து. புலவரின் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்படி ஒரு சந்தோசம் அவருக்கு வந்து எத்தனையோ காலம். முப்பத்தோராம் நாள் பந்தியில் யாரோ ஒருவர் இதை உரத்து வாசிப்பார். பக்கத்து இலைக்காரர் புரைக்கேறிச் சிரிப்பார். புருசனைக் கொல்ல ஏலாமல் போனதென்று மனைவி புலம்புகிறாள் என்று கதை புல்மோட்டைவரை போகும். அதற்குப் பிறகு எந்த வீட்டார் இராசமலருக்கு வெங்காயம் கொடுப்பார்கள்? தான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பென்சிலை வைத்துவிட்டு எல்லாம் சரி என்று சொன்னால் போதும்.

பென்சிலை வைத்தார். வைத்த பிறகு, வெற்றி பெற்றவருக்குரிய நிதானத்தோடு, எதிரி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று முதலிலிருந்து வாசித்தார்.

"இஞ்சாருங்கோ எண்டு ஒருக்காச் சொன்னால் உங்களுக்குக் கேளாது. எஞ்சின் சத்தம் திண்ட காது. சுத்திவந்து வலப்பக்கம் நிண்டு திரும்பவும் சொல்லுவன். சண்டை பிடிச்சுக் கதையாமல் இருந்த நாளிலும் சுத்தி வந்தனான். இப்ப எந்தப் பக்கம் வந்து நிண்டு கூப்பிட?"

ஆனந்தராசாவின் இடது காது செத்த காது. சாப்பிட உட்காரும்போது புலவரும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவார், அங்கே இருந்து சொன்னால்தான் பகிடி போய்ச் சேரும். இத்தனை காலம் அந்தப் பக்கத்திலேயே இருந்தும், இது ஒரு பாட்டுக்குள் வரக்கூடிய சங்கதி என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை. தன் கையில் கிடந்ததை யாரோ எடுத்துப் போய்விட்ட மாதிரி இருந்தது. தன்னுடைய சிநேகிதன். தன்னுடைய வலப்பக்கம். ஒரு வரிக்காக இவ்வளவு பொறாமைப்படலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பொறாமையோடு கூடவே அழுகையும் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், தாஹிர் வரவில்லை.

பந்தியில் சிரிப்பு எழும்போது இராசமலர் எங்கே இருப்பாரோ தெரியாது. சிவயோகம் அங்கேதான், வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். புருசனைக் கூப்பிட்ட சொல்லைத் தவிர வேறெதையும் அவர் இந்த மலரில் கேட்கவில்லை. புலவர் பென்சிலை எடுத்து, கொல்ல என்பதில் இருந்த பிழையான எழுத்தை அடித்து, ஓரத்தில் 'ள' என்று பெரிதாக, ஒருவரும் தவறவிட முடியாதபடி எழுதி வட்டம் போட்டார்.

தாஹிர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "பிழை இருந்ததோ, ஐயா?"

"ஒண்டு இருந்தது. பெரிய பிழை. நல்ல காலம், நான் பாத்தனான்."

தாளை நீட்டினார். தாஹிர் கை வைத்ததும், பொறுங்கோ என்று திரும்ப இழுத்துக்கொண்டார். பக்கத்தின் அடியில் 'ஆக்கம்: இராசமலர்' என்று இருந்த இடத்தில் கண் நின்றது. தன் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து அருகே வைத்துப் பார்த்தார். இரண்டு பெயரும் ஒரே அளவுதான். இன்னொருமுறை விரல் நகத்தை வைத்து அளந்தார். பிறகு குனிந்து, இராசமலரின் பெயருக்குக் கீழே மெல்லியதாக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: 'ஒரு சைஸ் குறைக்கவும்.'