அண்ணன் ஒழித்த வேலிக்காத்தான்

என் அண்ணன் முனிரத்தினத்துக்கு ஒரு பதவி கிடைத்துவிட்டது. விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியை அடைத்துக்கொண்டிருந்த சீமைக்கருவேலத்தை — எங்கள் பக்கம் அதற்கு வேலிக்காத்தான் என்று பெயர் — ஒழிக்கும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்!

போன வாரம் போன் செய்தார்.

"சித்தூர்ல உக்காந்துக்கினு இன்னா எழுதிக்கினு கீறே? கெளம்பி வா. ஏரியில ஒரு முள்ளு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன். நாளைக்கு ஆபீசர் மேடம் பாக்க வர்றாங்க. அவங்க ஓகே சொன்னாத்தான் வரத்துக் கால்வாய்க்கும் ஜேசிபி வரும்."

கால்வாய் அடைபட்டுக் கிடந்தால் ஏரி சுத்தமாக இருந்து என்ன பயன்? தண்ணீர் உள்ளே வர வேண்டாமா? விஷயம் பெரிதுதான். பஸ் ஏறிவிட்டேன்.

ஏரி நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. மெச்சிக்கொண்டே, கரைக்குக் கீழே இருக்கும் அண்ணனுடைய வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கினால்... அண்ணி குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். கடலைச் செடிகளுக்கு நடுவே, பார்த்த இடமெல்லாம் குட்டிக் குட்டியாக வேலிக்காத்தான்!

"இது எப்படி அண்ணி இங்கே?"

"இன்னாத்த சொல்றது? உங்க அண்ணனையே கேளு!"

நடந்தது இதுதான். விதைப்புக்கு முன்னால் கொல்லையில் ஆட்டுக்கிடை போடுவது எங்கள் ஊர் வழக்கம். பகலில் மேய்ந்த ஆடுகளை ராத்திரி கொல்லையில் அடைத்தால், புழுக்கையே எரு. ஜேசிபி மரங்களைச் சாய்த்ததும் ஏரி முழுக்கப் பழுத்த காய்கள். தித்திப்பு வேறு. தலைவர் சும்மா இருப்பாரா? "நல்லா துன்னட்டும்" என்று மந்தையை அங்கே மேயவிட்டார். ராத்திரி சொந்தக் கொல்லையில் கிடை. ஆட்டு வயிற்றில் காய் செரிக்கும், விதை செரிக்காதே! எருவோடு விழுந்தது. மழை பெய்தது. முளைத்துவிட்டது.

அண்ணனும் வந்து சேர, மூன்று பேரும் பொழுது சாயும்வரை பிடுங்கினோம். என் இடுப்பு போச்சு. பாதிக் கொல்லைகூடத் தாண்டவில்லை.

"மேடத்தை இந்தப் பக்கம் வரவுடாம பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். முகத்தில் ஈயாடவில்லை. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

மறுநாள் மேடம் வந்தார். ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சால பாகுந்தி அண்ணா, ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அத்தோடு ஜீப்பில் ஏறியிருக்கலாம் அல்லவா?

"உங்க கொல்லை எங்கே? அதையும் பாத்துட்டுப் போறேன்."

"அது... ரொம்ப தூரம் மேடம்."

"இதோ கீது மேடம், வாங்க!" கரைக்குக் கீழேயிருந்து அண்ணியின் குரல்.

மேடம் கொல்லையைப் பார்த்தார். "கிடை போட்டீங்களா?" என்று ஒரே கேள்வி. அண்ணன் தலையை ஆட்டினார். மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஜேசிபி வரும் அண்ணா. ஆனா கால்வாய்ல விழற காயைக் கூட்டிக் கொளுத்திடணும். காய் துன்ன ஆட்டைக் கொஞ்ச நாள் பட்டியிலேயே வெச்சு, வேற தீனி போட்டு, அப்புறம்தான் கிடை. இன்னொண்ணு... சுத்துப்பட்டு விவசாயிங்களைக் கூட்டிக்கினு வர்றேன். ஏரியைக் காட்ட வேணாம். இந்தக் கொல்லையைக் காட்டி நீங்களே பேசுங்க!"

அண்ணன் இப்போது கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறாராம். சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டாயிற்று. பேச்சுக்குத் தலைப்பு மட்டும் அண்ணி வைத்தது — "என்னை மாதிரி செய்யாதீங்க!"