சிஸ்டத்துக்கு இருபது ஜிபி

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பேச்சைச் சில ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்தேன். போனில் இடம் போதாமல், ஒரு பழைய சர்வரை வாங்கி வீட்டில் வைத்தேன். பதிவை அதில் ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவேன். சர்வரை அமைத்துத் தந்தவர் கூனிமேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர். அவர் குடும்பமும் முன்பு உப்பளம் குத்தகைக்கு எடுத்ததுதான்.

டிஸ்க்கில் சிஸ்டத்துக்கு எவ்வளவு, பதிவுகளுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்தாக வேண்டும். சிஸ்டத்துக்குத் தாராளமாக விடும்படி நான் படித்திருந்தேன். நண்பர் இருபது ஜிபி போதும் என்றார்.

“பாத்திக்கு வரப்பு போடற மாதிரிதாங்க. பத்தலன்னா வெட்டித் தள்ளிப் போட்டுக்கலாம்.”

மழைக்காலம் முடிந்ததும் வரப்பை மாற்றிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது சரியாகவே பட்டது.

இந்த மாசியில் உப்பு வாரும் பெண் ஒருவர் வந்தார். கணவர் இறந்து பங்குனியில் வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அவர் குரலைக் கேட்க வேண்டும் என்றார். அந்தக் குரல் என் சர்வரில் மட்டுமே இருந்தது.

அடுத்த வாரம் சர்வர் நின்றுபோனது. தனக்குள் நடப்பதையெல்லாம் குறித்துவைத்தே இருபது ஜிபியையும் நிரப்பியிருந்தது.

“இதுவும் உங்கள மாதிரியே சார். தும்முனாகூட தேதி போட்டு எழுதி வெச்சிக்குது” என்றார் நண்பர்.

பழைய குறிப்புகளை அழித்ததும் ஓடியது. வருஷத்தன்று மறுபடி நிற்கக் கூடாது என்று வரப்பைத் தள்ளிப் போடத் தீர்மானித்தோம். எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும் அளவுக்குப் பெரிய டிஸ்க் கடையில் இல்லை. அந்த ஒரு குரலையாவது தனியாக எடுத்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. உப்பளத்தில் வரப்பை நகர்த்தும்போது பாத்தி வெறுமையாக இருக்கும். இங்கே நிறைந்திருந்தது.

நகர்த்தும் வேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பதிவும் திறக்கவில்லை. நண்பர் புதுச்சேரி வரை டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

வருஷத்தன்று காலையில் அந்தப் பெண் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அவரு என்னா பேசுனாருன்னாவது சொல்லுங்கண்ணா.”

பதிவு செய்த தேதியைச் சொன்னேன். எந்தப் பாத்தியோரம் உட்கார்ந்தோம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் சொன்னேன். பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் நான் அன்று சரியாகக் கேட்டிருக்கவில்லை.

வீட்டில் காத்திருப்பார்கள் என்று சொல்லி எழுந்து போனார்.