பின்னால் போன சிவப்புப் புள்ளி

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. வந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சந்தேகம் இருந்தால் என் அண்ணனைக் கேளுங்கள். இருபத்தாறு வயது ஆகிறது. இன்னமும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் குளிக்கிறான்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். படிப்பு வராமல் இல்லை. எழுந்து பதில் சொல் என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான். அடுத்த மாதம் முதல் சித்தியோடு தையல் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அப்போதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். சினிமா கற்றுத்தரும் ஒரு பள்ளி. சான்றிதழ் வேண்டாம். நேரில் வந்து பேச வேண்டாம். ஒரு மர்மப் படத்தின் முதல் மூன்று நிமிடத்தை எடுத்து அனுப்பினால் போதும். ஞாயிறு இரவு பன்னிரண்டு மணிக்குள்.

எனக்கென்று திறந்த ஒரே கதவு அது.

மர்மப் படங்களின் தொடக்கங்களாகப் பார்த்துத் தள்ளினேன். சத்தத்தை அணைத்துவிட்டு, திரும்பத் திரும்ப. பெயர்கள் ஓடி முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த படம்.

“முழுசா ஒரு படம் பாக்கல. ஆனா நாப்பது கொலைக்கு சாட்சி,” என்றான் அண்ணன். “போலீஸ் வந்தா நீ யாரோ, நான் யாரோ.”

ஒன்று மட்டும் புரிந்தது. மோசமான தொடக்கத்தில் பிணம் இருக்கும். நல்ல தொடக்கத்தில் ஒன்றுமே இருக்காது. ஒருத்தி துணி மடிப்பாள். சாவியைத் தேடுவாள். ஆனாலும் நம்மால் கண்ணை எடுக்க முடியாது. ஏனென்றால் அவளை யாரோ பார்க்கிறார்கள். யார் என்று காட்டவே மாட்டார்கள். கேமரா இருக்கும் இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்... அவ்வளவுதான் சூட்சுமம்.

என் தொடக்கமும் அப்படித்தான். வெளிச்சத்தில் ஒரு பெண். எதிரே இருட்டு. யாரோ கூப்பிட்டதுபோல் அவள் இருட்டுக்குள் நடந்து வருகிறாள். கேமரா அசையாது. அசைக்க எங்கள் இருவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அண்ணன் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறான். அங்கே மூன்றாம் மாடியில் நீளமான கூடம் ஒன்று உண்டு. முன்பு மணப்பெண்களை நடக்க வைத்துப் படம் பிடித்த இடம். இப்போது உடைந்த நாற்காலிகள். கோடியில் ஒரு கதவு. வெளியே இரும்புப் படி வைப்பதாகச் சொல்லிக் கதவை மட்டும் வைத்தார்கள். படி வரவேயில்லை. திறந்தால் கீழே இருண்ட சந்து.

கெடு முடியும் அந்த ஞாயிறன்று ஸ்டூடியோ விடுமுறை. நல்ல கேமராக்களை முதலாளி பூட்டி வைத்திருந்தார். அலமாரியின் அடியில், துண்டில் சுற்றிய பழைய கேமரா ஒன்றுதான் கிடைத்தது.

“ஓடுமா?”

“ஓடினா உன் அதிர்ஷ்டம். ஓடலைன்னா தையல் கம்பெனி அதிர்ஷ்டம்.”

ஓடியது.

கூடத்தின் நடுவில் ஸ்டாண்டை வைத்து, அதன் கால்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டினான். கேமராவுக்குப் பின்னால் இருந்த கோடிக் கதவின் தாழ்ப்பாளை நானே இழுத்துப் பார்த்தேன். இறுகியிருந்தது. ஒரே ஒரு பல்ப், என் தலைக்கு மேல். அண்ணன் முன்னால்கூட எனக்கு நடிக்க வராது. அதனால் பொத்தானை அழுத்திவிட்டு அவன் கீழே போய்விட்டான்.

இருட்டில் கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. அதை நோக்கி நடக்க வேண்டும்.

மணி 7.10. முதல் முறை. நடந்தேன். புள்ளி பெரிதானது. ஸ்டாண்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

7.20. இரண்டாம் முறை. பாதி வழியில் ஒரு சத்தம். சரக்... யாரோ செருப்புக் காலைத் தேய்த்துப் பின்னால் வைப்பதுபோல. நின்றேன். அதுவும் நின்றது. எலி என்று சொல்லிக்கொண்டேன்.

7.26. மூன்றாம் முறை. நடந்தேன். புள்ளி கிட்டே வரவில்லை. இன்னும் நடந்தேன். அதே தூரம்.

கண்தான் ஏமாற்றுகிறது...

சரக்... சரக்...

நான் ஓர் அடி வைத்தால், அதுவும் ஓர் அடி.

இந்தக் கூடம் இவ்வளவு நீளமா?

முகத்தில் காற்று பட்டது.

காலைத் தூக்கினேன்.

“அண்ணா... நில்லுங்க!”

என் முதுகுக்குப் பின்னால். ஒரு பெண் குரல்.

நின்றேன்.

சிவப்புப் புள்ளி விழுந்தது. கீழே... கீழே போய்க்கொண்டே இருந்தது. விழுந்த சத்தம் இல்லை.

எங்கோ ஒரு சைக்கிள் மணி. என் காலுக்கு நேர் கீழே. மூன்று மாடி கீழே.

கதவு திறந்திருந்தது.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்து என்னை இழுத்தான்.

“ஏன்டி கத்துன? நான் எங்க போனேன், நில்லுங்கங்கிற?”

எனக்கு வாய் ஒட்டியிருந்தது. நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் எல்லா விளக்கையும் போட்டான். கேமரா டேப் ஒட்டிய இடத்திலேயே நின்றது. எனக்குப் பின்னால். நான் அதை எப்போதோ தாண்டி வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது முறையில் என் முகம் ஒரே அளவில் இருந்தது. நான் முன்னால் வர வர, கேமரா பின்னாலேயே போகிறது. ஒரு நடுக்கம் இல்லை. இருட்டில் நடந்த என் முகத்தில் வெளிச்சம். யார் பிடித்த வெளிச்சம்? பக்கத்திலேயே ஒரு ஆணின் மூச்சு. மெதுவான குரல்.

“அப்படியே வாம்மா... என்னைப் பாக்காத... நல்லாருக்கு...”

பிறகு அந்தப் பெண் குரல். உடனே படம் சாய்ந்தது. வானம். கட்டடத்தின் விளிம்பு. விளிம்பில் நான், கீழே குனிந்து பார்த்தபடி. சின்னதாகி, சின்னதாகி... அத்தோடு முடிந்தது.

“அனுப்பாதடி,” என்றான் அண்ணன்.

மணி 11.50. தையல் கம்பெனி கண் முன்னால் வந்தது. அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் அந்தப் பள்ளியிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார்.

“உனக்கு இடம் இருக்கும்மா. ஆனா இதை எடுத்தது யாரு? பின்பக்கமாவே நடந்து இவ்வளவு நிதானமா எடுக்க எங்க வாத்தியாருங்களாலேயே முடியாது. வரும்போது அவரையும் கூட்டிட்டு வா.”

வேறு வழியில்லாமல் முதலாளியிடம் போனோம். அண்ணன் பதிவைக் காட்டினான். நின்றுகொண்டே பார்க்கத் தொடங்கியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தக் கேமராவை எதுக்குடா எடுத்த?”

அவரிடம் முன்பு ஒரு கேமராக்காரர் இருந்தாராம். திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே படி இறங்குவாராம். ஒன்பது வருடத்துக்கு முன், அந்தக் கூடத்தில் ஒரு மணப்பெண்ணை நடக்க வைத்து, பின்னாலேயே போய்... யாரோ அன்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். விழும்போதும் கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதில் ஒரு கீறல் இல்லை.

“எதிர்ல வந்த பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சுது,” என்றார் முதலாளி. “பாவம், அப்படி ஒரு கூச்சம். சொல்ல வாய் வரல.”

“இப்ப அவங்க எங்க?” முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல்ல போய்ட்டா. கடைசி வரைக்கும் ராத்திரியில எழுந்து உக்காந்து, ‘அண்ணா நில்லுங்க, அண்ணா நில்லுங்க’ன்னே சொல்லிட்டிருந்தாளாம்.”

பதிவை அன்றிரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் அவள் குரல், கணீரென்று.

அவள் சொல்லிவிட்டாள். நான் நின்றேன்.

அவர் நிற்கவில்லை.